குடவோலையில் எவருடைய பெயர்?

வெளி மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம், ஜனநாயகத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்தரமேரூரை நினைவுகூர்வது வழக்கம். அலுவலகத்தில் உடன் பணிபுரியும் பஞ்சாபி நண்பரிடமும், அடுத்த வீட்டு வங்காளி அன்பரிடமும், "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் நாட்டில் தேர்தல் நடந்தது, தெரியுமா?" என்று பெருமிதத்துடன் சொல்லுகிறோம். சொல்லுவதில் தவறு ஒன்றும் இல்லை. முதலாம் பராந்தக சோழனுடைய காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூரில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுக்கள் குடவோலை முறையைத் தெளிவாகவே எடுத்துரைக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபையார் கூடியிருக்க, சிறுவன் ஒருவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தான். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கி வைக்கப்பட்டனர். இன்றைய நகரசபைகள் பலவற்றுக்கும் அந்த விதி நன்மை பயக்கும் என்று நமக்குத் தோன்றினால் வியப்பில்லை.

ஆனால் அதே கல்வெட்டில் நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடும் வரிகளும் உள்ளன. குடத்தில் எவருடைய பெயர் இடப்படலாம் என்பதை அவை வரையறுக்கின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் இருக்கவேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்கவேண்டும். வயது 35க்கு மேற்பட்டும் 70க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். வேதம் பயின்றிருத்தல் வேண்டும். அது அந்தணர் ஊரின் சபை. அந்தக் கால் வேலி நிலத்தை உழுதவனுடைய பெயர் ஓலையில் எழுதப்படவில்லை. அந்த வீட்டில் நீர் சுமந்து வந்த பெண்ணின் பெயரும் எழுதப்படவில்லை. இதைச் சொல்லுவது முன்னோரைப் பழிப்பதற்காக அன்று. அவர்கள் தங்கள் காலத்தின் அளவுகோலைக் கொண்டு அளந்தார்கள். ஓலையை நேர்மையாக எடுப்பது எத்துணை முக்கியமோ, குடத்தினுள் எவருடைய ஓலைகள் உள்ளன என்பதும் அத்துணை முக்கியம் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

நம் நாட்டில் இக்கால ஸ்தல சுயாட்சிக்கு வித்திட்டது, ரிப்பன் பிரபு 1882ஆம் ஆண்டில் வெளியிட்ட தீர்மானம் என்பர். எனினும் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வரி செலுத்துவோரும் சொத்துடையோருமே பெரும்பாலும் வோட்டுரிமை பெற்றிருந்தனர். அந்த நிலையிலும் சிலர் மேலே வந்தார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஜே. சிவசண்முகம் பிள்ளை 1937இல் சென்னை மேயரானார். சுதந்திரத்துக்குப் பின், 1956இல் தாரா செரியன் அம்மையார் சென்னைக்கும், சுலோசனா மோடி அம்மையார் பம்பாய்க்கும் முதல் பெண் மேயர்களாயினர். 1958இல் தில்லி கார்ப்பரேஷனின் முதல் மேயராக அருணா ஆசப் அலி அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர்கள் புகழுக்குரியவர்கள். ஆயினும் ஒரு தாழ்த்தப்பட்டவர் மேயரானார், ஒரு பெண் மேயரானார் என்று பெயர் சொல்லி எண்ணக்கூடிய நிலையே, மற்றவர்கள் எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்பதற்குச் சான்றாகும்.

கிராமங்களின் கதையும் அதுதான். பஞ்சாயத்துக்களை அமைக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 40ஆவது ஷரத்து வழிகாட்டியது. பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை அளித்தது. 1959 அக்டோபர் 2ஆம் தேதி, ராஜஸ்தானத்தில் நாகௌர் என்ற ஊரில், பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கிவைத்தார். பெண்களை அந்த மன்றங்களுக்கு எப்படிக் கொண்டுவருவது? பெண்கள் நலனிலும் குழந்தைகள் நலனிலும் ஈடுபாடுள்ள இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மேத்தா குழு யோசனை கூறியது. வீட்டாரால் அழைக்கப்பட்டு வரும் விருந்தாளிக்கும், அந்த வீட்டில் பங்குள்ளவருக்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அவ்வளவு வேறுபாடு நியமன அங்கத்தினருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினருக்கும் உண்டு. கர்நாடக மாநிலம் 1983இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பெண்களுக்குக் கால் பங்கு இடங்களை ஒதுக்கி, 1987இல் தேர்தலும் நடத்தி வழிகாட்டியது.

இந்தியா முழுமைக்கும் மாறுதல் வந்தது, அரசியல் சட்டத்தின் 73ஆவது, 74ஆவது திருத்தங்களால்தான். 1992 டிசம்பரில் பாராளுமன்றம் அவற்றை நிறைவேற்றியது. பஞ்சாயத்துக்களுக்கான திருத்தம் 1993 ஏப்ரல் 24ஆம் தேதியும், நகரசபைகளுக்கான திருத்தம் அவ்வாண்டு ஜூன் 1ஆம் தேதியும் அமலுக்கு வந்தன. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு. அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அவரவர் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். தலைமைப் பதவிகளிலும் ஒதுக்கீடு. பீகார் 2006இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. பின்னர்ப் பல மாநிலங்கள் அவ்வழியே சென்றன. தமிழ்நாடும் 2016இல் அவ்வாறு சட்டம் செய்தது. இன்று நாடெங்கும் பஞ்சாயத்து அமைப்புக்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏறத்தாழ 31 லட்சம் பேர்; அவர்களில் பெண்கள் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர். உலகில் வேறெங்கும் காண்பதற்கரிய காட்சி இது.

"எண்ணிக்கை பெருகினால் போதுமா? தெருவுக்கு விளக்கு வருமா, குழாயில் தண்ணீர் வருமா?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். விடையும் இருக்கிறது. எந்தப் பஞ்சாயத்தின் தலைமையைப் பெண்களுக்கு ஒதுக்குவது என்பதை எவருடைய விருப்பு வெறுப்பும் கலவாமல் முறை வைத்து முடிவு செய்ததால், ஒதுக்கப்பட்ட ஊர்களையும் ஒதுக்கப்படாத ஊர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்தியாயரும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்ளோ அம்மையாரும் மேற்கு வங்கத்துப் பீர்பூம் ஜில்லாவிலும், ராஜஸ்தானத்து உதயபுரி ஜில்லாவிலும் அவ்வாறு ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு இடங்களிலும், பெண் தலைமை வகித்த பஞ்சாயத்துக்கள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டிருந்தன. சாலை விஷயத்திலோ இரு ஜில்லாக்களும் வேறுபட்டன. பீர்பூமில் சாலை வேண்டும் என்று கேட்டவர்கள் பெண்கள். அங்கே பெண் தலைவர்கள் சாலைகளைக் கவனித்தார்கள். உதயபுரியில் சாலையைப் பெரிதும் விரும்பியவர்கள் ஆண்கள். அங்கே பெண் தலைவர்கள் அதைக் குறைத்துத் தண்ணீரில் கருத்தைச் செலுத்தினார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? பெண்கள் இயற்கையிலேயே உத்தமர்கள், ஆண்கள் அல்லர் என்பதன்று. குடத்தைத் தூக்கி நடந்தவளுக்குக் கிணறு எத்தனை தொலைவில் உள்ளது என்பது தெரியும். மன்றத்தில் அவள் அமர்ந்தால் அந்தத் தொலைவும் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏறுகிறது. அவள் இல்லாவிடில், மற்றவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், அது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. வேறொரு பயனையும் ஆய்வாளர்கள் கண்டனர். பீர்பூமில் அடுத்தடுத்து இருமுறை பெண் தலைமை கண்ட ஊர்களில், பள்ளிப் படிப்பில் பையன்களுக்கும் பெண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. தம் ஊர்ப் பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்ததைக் கண்ட சிறுமிகள், தாமும் அமரலாம் என்று எண்ணத் தொடங்கினர்.

இவ்வளவும் தடையின்றி நடந்துவிடவில்லை. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். புதிய சட்டத்தின்படி 1996இல் தேர்தல் வந்தபோது, மதுரை ஜில்லாவில் மேலவளவுப் பஞ்சாயத்தின் தலைமை அட்டவணை வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. பல இடையூறுகளைக் கடந்து முருகேசன் என்பவர் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி, கலெக்டர் அலுவலகம் சென்று பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில், அவரையும் துணைத் தலைவர் உள்ளிட்ட உடன் வந்தோரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் செய்த குற்றம் தேர்தலில் நின்று வென்றதுதான். அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் ஜில்லாவில் கொட்டக்கச்சியேந்தலிலும், பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் ஒருவர் பதவியில் நிலைக்க முடியவில்லை. தேர்தலில் எவரும் நிற்க முடியாது. நின்று வென்றாலும் உடனே ராஜினாமாச் செய்யவேண்டும். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்து, வென்றவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். உத்தரமேரூரைப் பெருமையுடன் சொல்லும் நாம் மேலவளவையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டும் நம்முடைய ஊர்களே.

தடை எப்போதும் அரிவாளோடு வருவதில்லை, அன்போடும் வரும். வடநாட்டில் "சர்பஞ்ச் பதி" என்று ஒரு சொல் வழங்குகிறது. பதவி மனைவிக்கு, அதிகாரம் கணவனுக்கு. கூட்டத்துக்கு அவர் வருவார். கையொப்பத்துக்குக் காகிதம் மட்டும் வீட்டுக்குப் போகும். தமிழ்நாட்டிலும் இக்காட்சியைக் காணாதவர் இல்லை. இதனாலேயே ஒதுக்கீடு வீண் என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். முதன்முறை எழுத்து எழுதும் குழந்தையின் கையைப் பிறர் பிடிப்பதுண்டு. அதைக் கண்டு, குழந்தைக்கு எழுத்தே வராது என்று நாம் சொல்லுவதில்லை. பீர்பூமில் இருமுறை பெண்கள் தலைமை வகித்த இடங்களில், பின்னர்ப் பொதுவான இடங்களிலும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், வெல்லவும் செய்தார்கள். ஆனால் பல இடங்களில் ஒரே ஒரு தவணையோடு ஒதுக்கீடு வேறு ஊருக்கு மாறிவிடுகிறது. வேலையைக் கற்று முடிக்கும் சமயத்தில் நாற்காலி பறிபோகிறது. பிடித்த கையை விடுவதற்குக்கூட அந்தப் பெண்ணுக்கு அவகாசம் கிட்டுவதில்லை. இக்குறை சீர்செய்யத்தக்கது.

இன்னொரு வகைத் தடை சட்டத்தின் வடிவிலேயே வந்தது. ராஜஸ்தானம் 2014 டிசம்பரிலும், ஹரியானா 2015இலும், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி வேண்டும் என்று விதித்தன. ஹரியானாவின் சட்டம் வீட்டில் கழிப்பறை இருக்கவேண்டும் என்றும், மின்கட்டண பாக்கி இருக்கக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியது. அச்சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ராஜஸ்தானமோ 2019இல் கல்வி நிபந்தனையைத் தானே நீக்கிக்கொண்டது. படித்தவர் ஊரை ஆள்வது நல்லதுதானே என்று நமக்கும் தோன்றலாம். ஆனால் சிறு வயதில் எவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லையோ, எவருடைய குடிசைக்குக் கழிப்பறை கட்டிக்கொடுக்கவில்லையோ, அவரைப் பார்த்தே, "உனக்குத் தகுதியில்லை" என்று சொல்லுவதாக அது முடிகிறது. மனையும் நிலமும் மறையும் கேட்ட பழைய கல்வெட்டு நம் நினைவுக்கு வராமல் இல்லை.

குடம் அகன்று வருவதற்கும் சான்றுகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் கட்னி நகருக்கு மேயராகத் திருநங்கை கமலா ஜான் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பெண்களுக்கு ஒதுக்கிய பதவி அது என்ற காரணத்தால் அந்தத் தேர்தல் செல்லாது என்று பின்னர் முடிவாயிற்று. 2015இல் சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரில் மது என்ற திருநங்கை மேயரானார். 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சிக்குக் கங்கா என்பவரும், அவ்வாண்டு டிசம்பரில் தில்லி மாநகராட்சிக்குப் பாபி என்பவரும் கவுன்சிலர்களாயினர். உடல் ஊனமுற்றோரை ஸ்தல ஸ்தாபனங்களில் அங்கத்தினராக நியமிப்பதற்கான மசோதாக்கள் 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறின. மன்றத்துக்குச் செல்லும் படிக்கட்டு எத்தனை உயரம் என்பதைச் சக்கர நாற்காலியில் வருபவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

இனி, நம்மைப் பற்றிச் சிறிது பேசுவோம். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம் எந்தக் குடத்தில் இருக்கிறோம்? நம்மில் பலருக்கு வோட்டு ஊரில் இருக்கிறது. வாழ்க்கை இங்கே இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல் அன்று ரயிலேறிச் செல்ல விடுமுறை கிடைப்பதில்லை. இங்கே வார்டுத் தேர்தல் நடக்கும்போது ஜாபிதாவில் பெயர் இருப்பதில்லை. ஆகவே இரண்டு குடத்திலும் நம் ஓலை இல்லை. நம்மிடையே அட்டவணை வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கு மற்றுமொரு சங்கடமும் உண்டு. அட்டவணை மாநிலவாரியாக வகுக்கப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு வேறு மாநிலத்து ஒதுக்கீட்டு வார்டில் நிற்பது பொதுவாக இயலாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குச் சென்று தோல் பதனிட்டு அந்த இடத்தை உருவாக்கியவர்களின் வழித்தோன்றல்களும் இத்தகைய சிக்கலுக்கு ஆளாகிறார்கள்.

இதனால் என்ன இழப்பு நேர்ந்துவிடும் என்று வாளாவிருக்க முடியாது. தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி "மதராஸி கேம்ப்" என்ற குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். வீடுகளில் துப்புரவு வேலையும் சமையல் வேலையும் செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அங்கிருந்த ஏறத்தாழ 370 குடிசைகள் இடிக்கப்பட்டன. நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி அவர்களில் ஒரு பகுதியினருக்கே கிட்டியது. அந்தத் தகுதியைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? 2015 ஜனவரி 1ஆம் தேதிக்கு முந்திய வாக்காளர் ஜாபிதாவில் பெயர் இருந்ததா என்ற கேள்விதான். ஊரில் இருக்கட்டும் என்று விட்டுவைத்த ஒரு பெயர், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூரையின் விலையாகக்கூடும் என்பதை இங்கே காண்கிறோம்.

தேர்தலே நடவாத இடங்களில் நிலைமை இன்னும் கடினம். பெங்களூர் மாநகரசபையின் தவணை 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுத்த மன்றமின்றியே கழிந்தன. மும்பையில் 2022 மார்ச்சுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிர்வாக அதிகாரியே ஆட்சி நடத்தினார். தவணை முடியுமுன்னரே தேர்தல் நடத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். எல்லா வகை மக்களும் மன்றத்தில் இருக்கவேண்டும் என்று நாம் கேட்பதற்கு முதற்படி, மன்றம் இருக்கவேண்டும் என்று கேட்பதாகும். அந்தக் குரலில் கன்னடரும் மராட்டியரும் நாமும் ஒன்றாகச் சேரலாம். தெரு விளக்குக்கு மொழி கிடையாது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. புதிதாக ஜாபிதாவில் சேர்வோர் 6ஆம் எண் படிவத்தையும், வேறு இடத்திலிருந்து மாறி வந்தோர் 8ஆம் எண் படிவத்தையும் நிரப்பித் தரவேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் இந்த ஜாபிதாவே ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கும் அடிப்படையாகிறது. ஓரிடத்தில் சேர்ந்தால் மற்ற இடத்தில் பெயர் நீங்கிவிடும். இரண்டிடத்தில் இருக்கச் சட்டம் இடம் தராது. பிறந்த ஊர்ப் பஞ்சாயத்தின் வோட்டை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை நாம் அறிவோம். குலதெய்வம் அங்கே, பங்காளிகள் அங்கே, தாத்தா நட்ட புளியமரம் அங்கே. ஆனால் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் இங்கே. எது வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் கூடி ஆலோசித்து முடிவு செய்யட்டும். முடிவு செய்யாமல் விடுவதுதான் கேடு.

கடைசியாக, நம் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம். நாம் குடியேறிய நகரங்களில் எல்லாம் தமிழ்ச் சங்கங்களை நிறுவியிருக்கிறோம். அவற்றுக்கும் தேர்தல் உண்டு. நிர்வாகக் குழு உண்டு. அந்தக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? பொங்கல் விழாவில் கோலம் போடும் பொறுப்பைத் தவிர வரவு செலவுப் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டா? சலவைத் தொழிலாளரும், வீட்டு வேலை செய்யும் அம்மையாரும், இட்லிக் கடை வைத்திருப்பவரும் சந்தா செலுத்தும் அளவோடு நிற்கிறார்களா, குழுவிலும் அமர்கிறார்களா? அரசாங்கம் எந்தச் சங்கத்துக்கும் இட ஒதுக்கீடு விதிக்கவில்லை. நாமாகவே செய்யக்கூடிய காரியம் இது. அடுத்த பொதுக்குழு கூடும் நாளில், வேட்பாளர் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, இதுவரை அதில் ஏறாத பெயர்கள் எவை என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம்.